தனித் தொகுதி உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? எம்.சி. ராஜாவின் வாழ்வும் எழுத்தும் முன்வைக்கும் வினா

தருமபுரி மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய நான்கும் பொதுத் தொகுதிகள். அரூர் ஒன்றே தனித் தொகுதி. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இம்மாவட்டத் தலித் மக்கள் தம்முள் ஒருவர் சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கிறார் என்று சுட்டிக்காட்டுவதற்கு அரசமைப்புச் சட்டம் உறுதி செய்திருக்கும் இடம் அரூர் மட்டுமே.

அந்த ஒற்றை இடம் 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், ஆளின்றிக் கிடந்தது. 2016இல் அ.இ.அ.தி.மு.க. சார்பில் அரூரில் வென்ற ஆர். முருகன், முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் அளித்த உறுப்பினர்களுள் ஒருவர். பேரவைத் தலைவர் ப. தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மூன்றாம் நீதிபதி அதே ஆண்டு அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019இல் இடைத்தேர்தல் நடந்தது.

அன்று தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் 8 பேர் தனித் தொகுதிகளின் உறுப்பினர்கள். அரூர், பூந்தமல்லி, குடியாத்தம், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஒட்டப்பிடாரம் என்பன அத்தொகுதிகள். அவர்களைத் தகுதி நீக்கிய பேரவைத் தலைவரும் அவிநாசி தனித் தொகுதியிலிருந்து வந்தவரே. இச்சண்டை எதற்காக நடந்தது? பஞ்சமி நிலத்திற்காகவா, துணைத்திட்ட நிதிக்காகவா, ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்திற்காகவா? எதற்காகவும் அல்ல. கட்சியை யார் கைக்கொள்வது என்ற போட்டியில் எந்தத் தலைவரின் பக்கம் நிற்பது என்பதே அதன் பொருள்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா வேறு. ஒரு தலித் உறுப்பினர் தம் மக்களின் உரிமைக்காகத் தம் கட்சியோடு முரண்பட்டால் என்ன நேரும்? இவ்வினாவைத் தமிழகச் சட்டமன்ற வரலாற்றில் முதன்முதலாக எதிர்கொண்டவர் எம்.சி. ராஜா. அவருடைய வாழ்வையும் எழுத்தையும் இன்று மீண்டும் படிப்பதற்கான காரணம் இதுவே.

ஆசிரியராகத் தொடங்கிய வாழ்வு

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியப் பணியை ஏற்றார். பள்ளிகளுக்கான பாடநூல்களை எழுதினார். 1930இல் ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற குழந்தைப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். தமிழ்க் குழந்தைகளின் நாவில் வழங்கிய பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியவர்களுள் ஒரு தலித் தலைவர் இருந்தார் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பொதுவாழ்வில் அவருடைய தளம் ஆதிதிராவிட மகாஜன சபை. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவைத்த அமைப்பாக்கத்தின் தொடர்ச்சியாக 1910களில் புத்துயிர் பெற்ற அச்சபையின் முன்னணியில் அவர் இருந்தார். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது ஜஸ்டிஸ் கட்சி, தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினராகவும் ஆனார். பார்ப்பனரல்லாதார் என்ற பெருங்குடையின் கீழ்த் தம் மக்களுக்கும் இடம் உண்டு என்பது அன்று அவருடைய நம்பிக்கை.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் தேர்தல் நடந்து ஜஸ்டிஸ் கட்சி ஆட்சி அமைத்தது. அப்புதிய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ராஜா ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக அமர்ந்தார். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என வழங்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 1922இல் அரசாணை பிறந்தது. நால்வருணத்திற்குப் புறத்தே ஐந்தாவதாக நிறுத்தும் சொல் பஞ்சமர். ஆதிதிராவிடர் என்ற சொல் அம்மக்களை இம்மண்ணின் மூத்த குடிகள் என்று நிறுத்துகிறது. பிறர் இட்ட பெயரைத் துறந்து தம் பெயரைத் தாமே சொல்லும் உரிமை அது. இன்றளவும் நம் சாதிச் சான்றிதழில் உள்ள சொல், ஓர் ஆசிரியர் சட்டமன்றத்தில் நடத்திய வாதத்தால் நிலைபெற்றது.

புளியந்தோப்பும் கட்சியின் முகமும்

1921இல் சென்னை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் தொடரவில்லை. வேலையை இழந்தால் அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாத நிலை ஒருபுறம். தங்களைச் சமமாக நடத்தாத சாதி இந்துத் தொழிலாளர்களின் தலைமையில் ஏன் செல்ல வேண்டும் என்ற கேள்வி மறுபுறம். வேலைநிறுத்தம் சாதி மோதலாக மாறிப் புளியந்தோப்பில் சேரிகள் தீக்கிரையாயின. உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

இந்நேரத்தில் ஆளும் கட்சி என்ன சொன்னது? ஆதிதிராவிடர்க்கு அரசின் தொழிலாளர் துறை செல்லம் கொடுத்ததே கலவரத்திற்குக் காரணம் என்று ஜஸ்டிஸ் கட்சியின் முன்னணித் தலைவர்கள் பேசினர். ஒடுக்கப்பட்டோர்க்கு மனை, கிணறு, பள்ளி ஆகியவற்றுக்கு வழிசெய்யவே அத்துறை அமைக்கப்பட்டிருந்தது. குடிசை இழந்தவர்கள் மீதே பழி விழுந்தது. கட்சித் தலைமைக்கு வாக்காளர்களாக இருந்தோர் சொத்துடைய சாதி இந்துக்கள். எரிந்த குடிசைகளில் இருந்தோர்க்குப் பெரும்பாலும் வாக்குரிமையே கிடையாது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கட்சியின் நிலைப்பாடு வியப்பளிக்காது.

ராஜா கட்சிக்குள் இருந்தே இதை எதிர்த்தார். பார்ப்பனரல்லாதார் பெயரால் பெறப்பட்ட அரசுப் பணிகளிலும் அதிகாரத்திலும் ஆதிதிராவிடர்க்கு உரிய பங்கு வரவில்லை என்ற முறையீட்டையும் முன்வைத்தார். 1923இல் தம் தோழர்களுடன் கட்சியிலிருந்து வெளியேறினார்.

இதை இன்றைய வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ராஜா வெளியேறியது பார்ப்பன எதிர்ப்பைக் கைவிட்டதால் அன்று. அவர் காட்டியது வேறோர் உண்மை. பார்ப்பனரல்லாதார் என்ற சொல்லுக்குள் நிலவுடைமையாளரும் அவருடைய பண்ணையாளும் ஒருங்கே அடங்கிவிடுவதில்லை. பொது எதிரியின் பெயரால் உள்முரண்பாட்டை மூடி மறைத்தால் அதற்கான விலையைக் கொடுப்பவர் பண்ணையாளே. திராவிட இயக்கத்தின் சாதனைகளை மதிப்போரும் இந்த முதல் விரிசலை விழுங்கிவிட்டு வரலாறு எழுத முடியாது. அதேபோல் இவ்விரிசலை எடுத்துக்காட்டி, பார்ப்பனியமே பரவாயில்லை என்று வாதிடுவோர்க்கும் ராஜாவின் வாழ்வில் இடமில்லை. அவருக்கு நேர்ந்த அடுத்த ஏமாற்றம் அப்பக்கத்திலிருந்துதான் வந்தது.

'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்'

கட்சியை விட்டு வெளியேறிய இரண்டாண்டுகளில், 1925இல், அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' எனலாம். ஆதிதிராவிடர் பிறப்பால் தாழ்ந்தோர் அல்லர். ஒரு காலத்தில் நிலமும் பண்பாடும் உடையவராக இருந்து பின்னர்த் தாழ்த்தப்பட்டோர் என்பது அந்நூலின் அடிப்படை வாதம். இன்று நாம் 'தாழ்ந்த' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்ட' என்பதற்கும் இடையே காணும் வேறுபாட்டை அவர் அன்றே வரலாற்று வாதமாக வளர்த்தார். பழம்பெருமையோடு நின்றுவிடாமல் கல்வி, நிலம், அரசுப் பணி, பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமை எனக் கோரிக்கைகளை அடுக்கினார்.

தலைப்பில் உள்ள 'இந்துக்கள்' என்ற சொல்லையும் நாம் கடந்துபோக முடியாது. பூர்வ பௌத்தர் என்று தம் மக்களை அழைத்த அயோத்திதாசரின் வழி வேறு. இந்து மதத்திற்குள் நின்று உரிமை கோரிய ராஜாவின் வழி வேறு. பின்னாளில் அம்பேத்கருடன் அவர் முரண்பட்டதற்கான விதை இத்தலைப்பிலேயே இருக்கிறது.

1930இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, ராஜாவின் வாழ்க்கை வரலாற்றையும் தேர்ந்தெடுத்த எழுத்துகள், உரைகளையும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். உயிரோடிருக்கும்போதே ஒரு தலித் தலைவரின் உரைகளைத் தொகுத்துப் பாதுகாத்த அரிய முயற்சி அது. அந்தச் சிவசண்முகம் பிள்ளையே பின்னர் 1937இல் சென்னையின் மேயராகவும், 1946 முதல் 1955 வரை சட்டமன்றப் பேரவைத் தலைவராகவும் விளங்கினார். நம் காலத்தில் வே. அலெக்ஸ் தொகுத்த எம்.சி. ராஜா சிந்தனைகள் தமிழில் கிடைக்கின்றன. மூலச் சான்றுகள் கையருகே இருந்தும் அவரை ஒரு வரியில் 'துரோகி' என்றோ 'மறக்கப்பட்டவர்' என்றோ முடித்துவிடும் வழக்கம் தொடர்கிறது.

பூனா ஒப்பந்தமும் ராஜாவின் கணக்கும்

1927 முதல் பத்தாண்டுகள் ராஜா மத்திய சட்டசபையில் இருந்தார். அகில இந்திய அளவில் ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். வட்டமேசை மாநாட்டிற்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர், ராஜா அழைக்கப்படவில்லை. அவ்விருவரும் தனி வாக்காளர் தொகுதி கோரினர். தொடக்கத்தில் அதே கருத்துடையவராக இருந்த ராஜா, 1932 மார்ச்சில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாட்டிற்கு வந்தார். ஒதுக்கப்பட்ட இடங்களுடன் கூடிய கூட்டு வாக்காளர் தொகுதி என்பதே அதன் சாரம்.

தனி வாக்காளர் தொகுதிக்கும் இன்றைய தனித் தொகுதிக்கும் உள்ள வேறுபாட்டை இளைய வாசகர்களுக்காக விளக்குவோம். தனி வாக்காளர் முறையில் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டுமே தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். இன்றைய தனித் தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருப்பார். வாக்களிப்போர் அனைத்துச் சாதியினரும் ஆவர். அரூரிலும் இதுவே நிலை. எந்தத் தனித் தொகுதியிலும் தலித் வாக்குகளை மட்டும் நம்பி ஒருவர் வெல்வது அரிது. பிற சாதியினரின் வாக்குகளைத் திரட்டித் தரும் பெரிய கட்சியின் சின்னம் இன்றியமையாததாகிவிடுகிறது.

1932 செப்டம்பரில் காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாநிலை தொடங்க, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன; சென்னை மாகாணத்திற்கு 30. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. ராஜாவும் அதில் கையெழுத்திட்டார். சாதி இந்துக்களோடு இணைந்து வாக்குப் பெறும்போது அவர்களும் நம் உரிமைக்குப் பொறுப்பாளர்களாவர் என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கு சரியா என்பதை அறிய அவர் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1938: சட்டமன்றத்தில் நடந்தது

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் வென்றது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களிலும் பெரும்பாலானவை காங்கிரஸ் வசமாயின. இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சராக இருந்த ராஜா, ராஜாஜி முதலமைச்சரானபின் எதிர்வரிசையில் அமர்ந்தார். அங்கிருந்தபடி இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார்.

முதலாவது, நீர்நிலை, சாலை, போக்குவரத்து, பள்ளி போன்ற பொது வசதிகளைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பெயரால் விதிக்கப்பட்ட தடைகளை நீக்குவது. இது நிறைவேறி 1938இல் சட்டமாயிற்று. 1955இல் நாடு முழுமைக்கும் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்திற்கு முன்னோடிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

இரண்டாவது, மாகாணம் முழுவதும் கோயில் நுழைவுக்கு வழிவகுப்பது. பொதுக் கிணற்றில் நீர் எடுக்க ஒப்புக்கொண்ட அரசு இங்கே நின்றுவிட்டது. முதலில் மலபாருக்கு மட்டும் தனியே ஒரு சட்டம் கொண்டுவருவதாகக் கூறி, ராஜாவின் மசோதாவைத் திரும்பப் பெறுமாறு முதலமைச்சர் கேட்டார். ராஜா மறுத்தார். அரசு எதிர்த்தது, மசோதா தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் காங்கிரஸ் சார்பில் வென்ற உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைப்படியே நின்றனர். தம் பெற்றோர் நுழைய முடியாத கோயிலின் கதவைத் திறக்கும் மசோதாவைத் தோற்கடிக்க அவர்களுடைய கைகளும் பயன்பட்டன.

ராஜா காந்தியாருக்குக் கடிதம் எழுதினார். பூனாவில் அளித்த உறுதிமொழி என்னவாயிற்று என்பதே அதன் உள்ளடக்கம். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் விடை வந்தது. இக்கடிதப் போக்குவரத்தை அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோர்க்குச் செய்தது என்ன என்ற நூலில் சான்றாக வைத்தார். எந்த ராஜா 1932இல் தமக்கு எதிராக நின்றாரோ, அந்த ராஜாவின் அனுபவமே தம் வாதத்திற்கான வலிய சான்று என்பதை அம்பேத்கர் கண்டார்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைவு நடந்தது. அதற்குப் பின்னரே, அதில் ஈடுபட்டோர்க்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் தேவையை ஒட்டி, ராஜாஜி அரசு கோயில் நுழைவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாடநூல்கள் இந்நிகழ்வைச் சொல்கின்றன. அதற்கு ஓராண்டு முன்னர் ஒரு தலித் உறுப்பினர் கொண்டுவந்த மசோதா எப்படித் தோற்கடிக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. உரிமையாகக் கேட்டபோது மறுக்கப்பட்டது, கொடையாக வழங்கப்பட்டபோது கொண்டாடப்பட்டது.

ராஜா தம் கணக்கு பொய்த்ததை மறைக்கவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அவரும் அம்பேத்கரும் சேர்ந்தே சென்று ஒடுக்கப்பட்டோரின் நிலையை எடுத்துரைத்தனர். 1943 ஆகஸ்டு 20 அன்று ராஜா மறைந்தார்.

ராஜாவுக்குப் பின்

இவ்வரிசை அவரோடு முடியவில்லை. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான வங்கத் தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல், 1950இல் தம் மக்கள் மீதான வன்முறைகளை விரிவாகப் பட்டியலிட்ட கடிதத்துடன் பதவி விலகினார். அம்பேத்கர் 1951இல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதும் பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதும் அவர் கூறிய காரணங்களில் அடங்கும். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் காங்கிரசில் இருந்துகொண்டே தீண்டாமை குறித்த தேசியக் குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை தந்தார். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பின்னாளில் அவரும் காங்கிரசை விட்டு விலகி மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். 'சித்திரை நெருப்பு' என்ற தன்வரலாற்றை விட்டுச் சென்றார்.

இவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்சியோடு முரண்பட்டபோது காரணத்தை எழுத்தில் பதிந்தனர். கடிதம், அறிக்கை, நூல், சட்டமன்ற உரை என வடிவம் எதுவாயினும், எதற்காக விலகினோம் என்பதை மக்கள் சரிபார்க்க முடிந்தது.

1938இல் கட்சிக் கட்டளை வெறும் ஒழுங்குமுறை. 1985இல் 52ஆம் திருத்தத்தின் வழியே பத்தாம் அட்டவணை வந்தபின் அது சட்டமாயிற்று. கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். ஆட்களை விலைக்கு வாங்கும் அரசியலைத் தடுக்க வந்த இச்சட்டம், பதவிக்காகக் கட்சி மாறுபவரையும் மனச்சான்றுக்காக மாறி வாக்களிப்பவரையும் வேறுபடுத்துவதில்லை. இன்று ஒரு ராஜா தம் மசோதாவுடன் எழுந்தால், அதை ஆதரிக்க விரும்பும் ஆளுங்கட்சித் தலித் உறுப்பினருக்குக் கட்சியின் சினத்தோடு தகுதி நீக்கமும் காத்திருக்கிறது.

அரூர் காட்டும் பாடம்

தமிழகத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டவை. இந்த 44 பேரும் கட்சி கடந்து ஒருமித்து நின்ற தருணங்கள் எத்தனை என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அரூர் வட்டத்திலேயே இன்னொரு பாடமும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வன்கொடுமை நிகழ்த்தினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அதை வெளிக்கொணர்ந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும். அரூரின் முன்னாள் உறுப்பினர் மு. அண்ணாமலை அவர்களுள் ஒருவர். ஆளுங்கட்சியின் கட்டளைக்குக் கட்டுப்படாத இடத்தில் நின்றோரால் அது முடிந்தது. 2011இல் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆகவே வாக்காளர்களாகிய நாம் செய்யக்கூடியவை உள்ளன. பேரவைக் குறிப்பேடுகள் பொது ஆவணங்கள். நம் தொகுதி உறுப்பினர் துணைத்திட்ட நிதி குறித்தும், வன்கொடுமை வழக்குகள் குறித்தும், பஞ்சமி நில மீட்பு குறித்தும் எத்தனை முறை வாய் திறந்தார் என்பதை அவற்றில் தேடிப் பார்க்கலாம். நம்பிக்கை வாக்கெடுப்பும் நிதி மசோதாவும் அல்லாத பொருள்களில் உறுப்பினர்கள் மனச்சான்றுப்படி வாக்களிக்கப் பத்தாம் அட்டவணையைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கையைத் தலித் இயக்கங்கள் தம் கோரிக்கையாக ஏற்கலாம். தேர்தல் கூட்டணிப் பேச்சில் இடங்களின் எண்ணிக்கையோடு, தலித் மக்களைப் பற்றிய மசோதாக்களில் கட்டளை பிறப்பிப்பதில்லை என்ற உறுதிமொழியையும் கேட்கலாம்.

ராஜா இரண்டு பெரிய அணிகளை நம்பினார், இரண்டிலும் ஏமாந்தார். ஆயினும் இரண்டு முறையும் எதற்காக முரண்பட்டேன் என்பதை அவையிலும் ஏட்டிலும் பதிந்துவைத்தார். அரூர் உள்ளிட்ட 44 தொகுதிகளின் உறுப்பினர்களிடமும் நாம் கோருவது அக்கணக்கையே. எந்தத் தலைவரின் பக்கம் நின்றீர்கள் என்பதை ஆளுநரிடம் கொடுத்த கடிதம் சொல்லும். எந்த மக்களின் பக்கம் நின்றீர்கள் என்பதை அவைக் குறிப்பேடு சொல்லட்டும்.